'நோ இங்கிலீஷ்' என்று சொன்ன பிறகு

2015 பிப்ரவரி 6, காலை நேரம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேடிசன் என்ற ஊர். மகன் வீட்டிலிருந்து இறங்கி ஒருவர் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். வயது 57. குஜராத்திலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒத்தாசைக்கு வந்தவர். நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் நம் வீட்டு அப்பா அம்மாக்கள் செய்வதேதான்: காலையில் காபி, அப்புறம் தெருவைச் சுற்றி ஒரு நடை. அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் போலீஸுக்குப் போன் செய்து, ஒல்லியான கறுப்பர் ஒருவர் வீடுகளை நோட்டம் விட்டபடி திரிகிறார் என்று சொல்லிவிட்டார்.

போலீஸ் வந்தது. அவர்கள் காரில் இருந்த கேமராவில் மிச்சமெல்லாம் பதிவாகியிருக்கிறது. கேள்விகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அவர் 'நோ இங்கிலீஷ்' என்கிறார், 'இந்தியா' என்கிறார், மகன் வீடு இருக்கும் பக்கம் கை காட்டுகிறார். அதன் பிறகும் கேள்விகள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. கொஞ்ச நேரத்தில் உத்தரவுகளாகின்றன. கடைசியில், அவர் கைகளைப் பின்னால் பிடித்திருந்த அதிகாரி காலை வாரித் தரையில் மோதும்படி அவரைச் சாய்த்தார். கழுத்துத் தண்டுவடத்தில் அடி. அறுவை சிகிச்சை நடந்தது. ஆனாலும் பழைய நடை திரும்பவில்லை.

மாநில ஆளுநர் இந்திய அரசிடம் வருத்தம் தெரிவித்தார். அதிகாரிமேல் மத்திய அரசு வழக்குப் போட்டது. இரண்டு முறை ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் கலைந்தார்கள். 2016 ஜனவரியில் நீதிபதியே அவரை விடுவித்தார். இந்த நாட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் சட்டத்தை மதித்து எங்கள் மொழியைப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம், நடந்ததில் அடிபட்டவருக்கும் பங்கு உண்டு என்பது அதிகாரியின் வக்கீல் வைத்த வாதம். சிவில் வழக்கு தனியாக இழுத்து, 2021-ல் நகராட்சி 17.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

இதை நிறத்தைப் பற்றிய கதையாகப் படிக்கலாம், அடிதடியைப் பற்றிய கதையாகவும் படிக்கலாம். இரண்டும் சரிதான். என்னை உறுத்துவது நடுவில் உள்ள ஒரு சின்ன இடம். எனக்கு உங்கள் மொழி தெரியாது என்று ஒருவர் சொல்லிவிட்டார். அடுத்த நிமிடம் போலீஸ்காரர் என்ன செய்தாக வேண்டும்?

சட்டம் இருக்கிறது, ஆனால் சுற்றி வளைத்து இருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டத்தில் ஆறாம் அத்தியாயம், மத்திய அரசின் பணத்தை வாங்கும் எந்த அமைப்பும் இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மொழி என்ற சொல்லே அதில் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனக் குழந்தைகள் சுமார் 1,800 பேர் எந்த உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகிவிடாது, புரியாத மொழியில் பாடம் நடத்துவது அவர்களை வெளியே நிறுத்துவதற்குச் சமம் என்று 1974-ல் தீர்ப்பு வந்தது. மொழி காரணமாக ஒதுக்குவது பூர்வீக நாட்டின் பேரால் ஒதுக்குவதாகும் என்ற வாதத்துக்கு வேர் அங்கேதான்.

அமெரிக்காவின் போலீஸ் துறைகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு மத்திய மானியம் வாங்குகின்றன. குண்டு துளைக்காத சட்டை வாங்கக்கூட மானியம் உண்டு. காசு வாங்கினால் கட்டுப்பாடும் கூடவே வரும். 2000 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட 13166-ஆம் எண் ஆணை இதை வெளிப்படையாக்கியது: மத்திய அரசின் துறைகளும், அவற்றிடம் பணம் வாங்குவோரும், ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்குத் தங்கள் சேவை எட்டும்படி செய்ய வேண்டும். 2002-ல் நீதித்துறை அமைச்சகம் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. உங்கள் வட்டாரத்தில் அந்த மொழிக்காரர்கள் எத்தனை பேர், எவ்வளவு அடிக்கடி அவர்களைச் சந்திக்கிறீர்கள், அந்தச் சேவை எவ்வளவு முக்கியமானது, உங்களிடம் பணமும் ஆளும் எவ்வளவு இருக்கின்றன என்ற நான்கையும் எடைபோட்டு நீங்களே திட்டம் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. 'நியாயமான முயற்சி' போதும் என்றது. அது எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்லவில்லை.

அந்த ஆணைக்கு அடுத்த வருடமே ஓர் அடி விழுந்தது. அதே அலபாமாதான். ஓட்டுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவது என்று மாநிலம் முடிவு செய்ததை எதிர்த்த வழக்கு. 2001-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்றால் தனிநபர் வழக்குப் போடலாம், விளைவு மட்டும் பாகுபாடாக இருக்கிறது என்றால் முடியாது. ஆக, மொழி புரியாமல் நடத்தப்பட்ட ஒருவர் இதை வைத்து நேராக நீதிமன்றப் படி ஏற வழி கிட்டத்தட்ட அடைபட்டது. மத்திய நீதித்துறை அமைச்சகத்திடம் புகார் கொடுக்கலாம். அமைச்சகத்துக்கு மனமிருந்தால் விசாரிக்கும்.

மனமிருந்த காலங்களில் விசாரித்தும் இருக்கிறது. அரிசோனாவின் மாரிகோபா மாவட்டத்தில், மாவட்டப் போலீஸுக்கும் சிறைகளுக்கும் தலைவராக, அதாவது ஷெரிஃபாக, இருந்த ஜோ அர்பாயோவின் சிறைகளைப் பற்றி 2011 டிசம்பரில் வெளியான அறிக்கையைப் படித்தால், இந்த விஷயம் காகிதச் சண்டை அல்ல என்று தெரியும். ஆங்கிலத்தில் போட்ட உத்தரவு புரியாமல் நின்ற கைதிகளுக்குத் தண்டனை. ஸ்பானிஷில் எழுதிக் கொடுத்த மனுக்களை வாங்க மறுப்பு. நியூயார்க் பக்கத்து சஃபோக் மாவட்டக் கதை வேறு விதம். அங்கே 2008-ல் ஈக்வடாரிலிருந்து வந்த ஒரு தொழிலாளியை விடலைப் பையன்கள் சேர்ந்து கொன்றார்கள். அதே போன்ற கூட்டத்திடம் முன்பே அடி வாங்கிய லத்தீன் அமெரிக்கர்கள் பலர் இருந்தார்கள் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. போலீஸிடம் போனால் என்ன ஆகும் என்ற பயமும், போனாலும் சொல்ல மொழி இல்லாததும் சேர்ந்துகொண்டால், குற்றம் நடந்ததே பதிவேட்டில் இருக்காது. 2014-ல் அந்த மாவட்டப் போலீஸ் மத்திய அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் மொழி உதவியும் ஒரு பகுதி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நீதிமன்றத்துக்குள் போய்விட்டால் நிலைமை எவ்வளவோ தேவலை. 1970-லேயே மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஆங்கிலம் தெரியாத புவேர்ட்டோ ரீக்கோ தொழிலாளி ஒருவருக்கு விசாரணையின் சாரத்தை மட்டும் அவ்வப்போது சொல்லிவிட்டு, கொலை செய்தார் என்று தண்டனை கொடுத்தது செல்லாது என்றது. 1978-ல் மத்திய நீதிமன்றங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் சட்டமே வந்துவிட்டது. தேர்வு, சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆனால் வழக்கு பிறப்பது தெருவில், கார் ஓரத்தில், சமையலறையில். அங்கே கோணலாக எழுதப்பட்ட வாக்குமூலம் நீதிமன்றத்துக்கு வந்த பிறகு, சான்றிதழ் பெற்ற நிபுணர் ஒருவர் அந்தக் கோணலையே துல்லியமாக மொழிபெயர்ப்பார்.

புரிந்தது என்று யார் சொன்னார்கள்?

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் ஒரு கேள்வி கேட்பார்கள்: வீட்டில் வேறு மொழி பேசுகிறவர் என்றால், ஆங்கிலம் எப்படிப் பேசுவீர்கள்? 'மிக நன்றாக' என்பதற்குக் கீழே எதைச் சொன்னாலும் ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தவர் கணக்கில் வருவார். இப்படி இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இது அவரவரே தம்மைப் பற்றிச் சொல்லும் பதில். தெருவில் அப்படி இல்லை. இவருக்குப் புரிகிறதா இல்லையா என்று முடிவு செய்வது போலீஸ்காரர். அதாவது, எதிரில் இருப்பவரின் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஆள். இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற ஓட்டைகளை எல்லாம் பணத்தாலும் போனாலும் அடைக்கலாம்.

புரியாதவர்கள் புரியவில்லை என்று சொல்வதில்லை. சீருடைக்கு முன்னால் 'யெஸ் சார்' தானாக வந்துவிடும். எல்லாவற்றுக்கும் 'யெஸ்' சொன்னால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. அதிலும் நம்மவர்களுக்குக் கூடுதலாக இரண்டு கண்ணிகள். ஒன்று, தலையாட்டல்: நாம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்குப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்கள் கண்ணுக்குச் சில நேரம் மறுப்பாகத் தெரியும், சில நேரம் திமிராகவும் தெரியும். இன்னொன்று, எதிர்மறைக் கேள்வி. 'உங்களிடம் லைசென்ஸ் இல்லையா?' என்றால் 'ஆமாம், இல்லை' என்பது தமிழில் முறையான பதில். அதே பழக்கத்தில் ஆங்கிலக் கேள்விக்கு 'யெஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், 'இருக்கிறது' என்று பொருள். கேள்வி லைசென்ஸைப் பற்றியதாக இருந்தால் பரவாயில்லை. 'நீங்கள் அவளை அடிக்கவில்லை, அப்படித்தானே?' என்பதாக இருந்தால்?

இதற்கு ஒரு மருந்து ஆஸ்திரேலியாவில் 1976-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே வட ஆட்புலம் (நார்தர்ன் டெரிட்டரி) என்ற பகுதியின் உச்ச நீதிமன்றம், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பழங்குடியினரைப் போலீஸ் விசாரிக்கும் முறைக்கு அனுங்கா விதிகள் என்று சில விதிகளை வகுத்தது. அதில் ஒன்று மிக எளிமையானது. உரிமைகளைச் சொல்லிவிட்டு 'புரிந்ததா?' என்று கேட்டு நிறுத்தாதே. சொன்னதன் பொருள் என்ன என்று அவர் வாயாலேயே, பகுதி பகுதியாக, திருப்பிச் சொல்லச் சொல். வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். 2015-ல் மொழியியலாளர்கள், வக்கீல்கள், உளவியலாளர்கள் சேர்ந்து அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்காக எழுதிய பரிந்துரைகளிலும் இதுவே முன்னால் நிற்கிறது. ஆனாலும் உரிமைகளை வாசித்துக் காட்ட அமெரிக்கப் போலீஸ் கையில் வைத்திருக்கும் அட்டைகளில் பெரும்பாலும் இருப்பது இன்னும் 'புரிந்ததா?' என்ற கேள்விதான்.

போன், பிள்ளை, கணவன்

சரி, புரியவில்லை என்று தெரிந்துவிட்டது. கையில் என்ன இருக்கிறது?

முதலில் போன். போன்வழி மொழிபெயர்ப்பு என்ற தொழிலே அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரரின் தலைவலியிலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 1980-களின் தொடக்கத்தில் வியட்நாம் அகதிகள் நிறையக் குடியேறியிருந்தார்கள். சம்பவ இடத்துக்குப் போனால் பேச்சு ஓடாது. அங்கே வேலை பார்த்த ஜெஃப் மங்க்ஸ் என்ற அதிகாரி 1982-ல் இன்னொருவரோடு சேர்ந்து, தொண்டர்களை வைத்து ஒரு போன் சேவையைத் தொடங்கினார். அதுவே பிற்பாடு லேங்குவேஜ் லைன் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. இன்று அவசர உதவி எண்ணான 911-இன் கட்டுப்பாட்டு அறைகளும் மருத்துவமனைகளும் இப்படிப்பட்ட சேவைகளைத்தான் நம்பியிருக்கின்றன. இருநூறுக்கு மேற்பட்ட மொழிகள், தமிழும் உண்டு.

வேலை நடக்கும் விதம் இப்படி. அதிகாரி ஒரு எண்ணுக்கு அழைத்துத் துறையின் குறியீட்டையும் வேண்டிய மொழியையும் சொல்வார். எங்கோ ஒரு வீட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இணைப்பில் வந்து, பெயருக்குப் பதில் தன் எண்ணைச் சொல்வார். அப்புறம் அதிகாரி பேசுவதையும் இவர் பேசுவதையும் மாற்றி மாற்றி, 'அவர் சொல்கிறார்' என்று சேர்க்காமல், 'நான்' என்றே சொல்வார். அமைதியான அறையில் இது அழகாக நடக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரி இரைச்சலில், ஸ்பீக்கரில் போட்ட ஒரே போனை இரண்டு பேர் நடுவே நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கை எப்போதும் இடுப்புப் பக்கம் இருக்க வேண்டும் என்று பயிற்சி பெற்றவர் இதைச் செய்வது சிரமம்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மேடிசன் தெருவில் லாரி எதுவும் ஓடவில்லை.

இரண்டாவது, இருமொழி தெரிந்த போலீஸ்காரர். நல்ல ஏற்பாடு, சோதித்துப் பார்த்திருந்தால். பல துறைகளில் 'எனக்கு ஸ்பானிஷ் வரும்' என்று கை தூக்கினாலே போதும் என்ற நிலைதான் நெடுங்காலம் இருந்தது. வீட்டுப் பேச்சு வேறு, வாக்குமூலம் வேறு. அமெரிக்காவில் பிறந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் 'தூக்கம் வருது', 'தோசை வேணும்' எல்லாம் நன்றாக வரும். 'ஜாமீன்', 'வாக்குமூலம்', 'தற்காப்பு' என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் என்றதும் மூன்றாவது வழி வந்துவிட்டது: பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்துப் பேசுவது. இதுதான் அதிகம் நடப்பது. அவசரம் தவிர மற்ற நேரங்களில் குழந்தைகளையும் குடும்பத்தாரையும் மொழிபெயர்ப்புக்கு இழுக்காதீர்கள் என்று 2002 வழிகாட்டி எச்சரித்தது. காரணம் புரிய, ஒரு வீட்டுச் சண்டையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கதவைத் தட்டுகிறது போலீஸ். மனைவிக்கு ஆங்கிலம் வராது; கணவர் மென்பொருள் வேலையில் இருப்பவர், சரளமாகப் பேசுவார். என்ன நடந்தது என்று அதிகாரி அவரிடமே கேட்கிறார். 'சின்ன வாக்குவாதம். அவள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவள்.' அறிக்கையில் அதுதான் ஏறும். பத்து வயது மகளைக் கேட்டால்? அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா என்ற பயத்தோடு அந்தக் குழந்தை எதைச் சொல்லும், எதை விழுங்கும்?

தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் சொல்லுக்குச் சொல் கண்ணி இருக்கிறது. நம் பெண்கள் 'அடித்தார்' என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். 'கை நீட்டிட்டார்' என்பார்கள். இதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் கணவர் எதையோ எடுக்கக் கை நீட்டினார் என்று ஆகிவிடும். 'கழுத்தைப் பிடிச்சார்' என்பது இன்னும் கனமான சொல். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கழுத்தை நெரிப்பது சாதாரண அடிதடியைவிடப் பெரிய, தனிக் குற்றம். பிடித்தாரா, நெரித்தாரா, மூச்சு அடைத்ததா என்று மொழிபெயர்ப்பாளர் நின்று கேட்டால் வழக்கின் தலையெழுத்தே மாறும். கேட்காமல் போனால் 'பிடித்தார்' என்பதோடு போய்விடும்.

காரைத் தேடலாமா?

நான்காவது வழி எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது: செயலி. 2017-ல் கான்சஸ் மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஒருவர் மெக்சிகோவைச் சேர்ந்த ஒருவரின் காரை நிறுத்தினார். அவருக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை. அதிகாரி கூகுள் டிரான்ஸ்லேட்டில், காரைச் சோதனை போடலாமா என்று ஆங்கிலத்தில் தட்டினார். செயலி கொடுத்த ஸ்பானிஷ் வாக்கியத்துக்கு நேர்ப்பொருள்: 'காரைத் தேடலாமா?' தமிழில் கேட்டாலே வித்தியாசம் தெரிகிறது அல்லவா? சோதனை போடுவது ஒன்று, காணாமல் போன காரைத் தேடுவது இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் என்பதால் வந்த வினை. அவர் சரி சரி என்று சொல்ல, காரில் போதைப்பொருள் அகப்பட்டது. 2018-ல் மத்திய நீதிபதி அந்தச் சான்றைத் தள்ளிவிட்டார். சம்மதம் என்பது புரிந்து கொடுப்பது. வாரண்ட் இல்லாமல் சோதனை போடச் சம்மதம் கேட்பதற்கு அந்தச் செயலியை மட்டும் நம்பியது நியாயமல்ல, அதைவிட நம்பகமான வழிகள் கையில் இருந்தன என்பது அவர் சொன்ன காரணம்.

மனிதர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். கைது செய்தவரை விசாரிக்கும் முன் அவருடைய உரிமைகளைச் சொல்லும் மிராண்டா எச்சரிக்கை 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து வந்தது. அதற்கு இதுதான் வாசகம் என்று உச்ச நீதிமன்றம் நிர்ணயிக்கவில்லை. ஊருக்கு ஊர் அட்டை மாறும், மொழிபெயர்ப்பும் மாறும். ஆரிகன் வழக்கு ஒன்றில் துப்பறிவாளர் ஸ்பானிஷில் எச்சரிக்கை சொன்னார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் இலவசமாக ஒருவரைத் தருவோம் என்பது சாரம். இலவசம் என்பதற்கு அவர் போட்ட சொல் 'லிப்ரே'. அது காசில்லாமல் கிடைப்பது என்ற பொருள் தரும் ஃப்ரீ அல்ல. கட்டில்லாமல் இருப்பது, வேலையில்லாமல் கை ஒழிந்திருப்பது என்ற பொருள் தரும் ஃப்ரீ. நாம் 'வக்கீல் ஃப்ரீயா வருவாரா?' என்பதற்கும் 'வக்கீல் ஃப்ரீயா இருக்காரா?' என்பதற்கும் உள்ள தூரம். கை ஒழிந்த வக்கீல் யாராவது இருந்தால் கிடைக்கலாம் என்று அந்த மனிதருக்குக் கேட்டிருக்கும். 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த எச்சரிக்கை செல்லாது என்றது.

ஸ்பானிஷுக்கே இந்தக் கதி. ஒருமுறை நாமே முயன்று பார்க்கலாம். 'உங்களுக்கு அமைதியாக இருக்கும் உரிமை உண்டு.' இலக்கணம் சரி, சொல்லும் சரி. கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் ஒரு போலீஸ்காரர் இதைச் சொன்னால் அவர் காதில் விழுவது 'சத்தம் போடாம இருங்க'. அதற்குக் கட்டுப்பட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் அமைதியாக, பணிவாகப் பதில் சொல்வார். 'நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லாம இருந்தா தப்பில்ல. சொன்னா, அதை வச்சே உங்க மேல கேஸ் நடத்துவாங்க' என்றால்தான் விஷயம் போய்ச் சேரும். இது அட்டையில் அச்சடிக்கும் தமிழ் இல்லை என்று யாராவது சொல்வார்கள். அட்டைத் தமிழ் யாருக்காக?

எந்த மொழி என்று கண்டுபிடிப்பதே ஒரு கட்டம். 2010 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட்லேக் பகுதியில் கையில் கத்தியோடு நின்ற குவாத்தமாலா நாட்டுக் கூலித் தொழிலாளி ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கத்தியைக் கீழே போடச் சொல்லி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கத்தினோம் என்றார்கள். அவர் தாய்மொழி கீச்சே என்ற மாயா மொழி. ஸ்பானிஷ் அவருக்கு அரைகுறை. குவாத்தமாலா என்றால் ஸ்பானிஷ் என்று எண்ணுவது இயல்பு. இந்தியா என்றால் ஹிந்தி என்று எண்ணுவதும் அப்படியே இயல்பு. மொழி தெரியாதவரிடம் நீட்டி 'இதில் உங்கள் மொழியைத் தொட்டுக் காட்டுங்கள்' என்று கேட்க, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குத் துறை 2004-ல் வெளியிட்ட அட்டை பல அலுவலகங்களில் புழங்கியது. 38 மொழிகள். ஹிந்தி, வங்காளம், உருது இருந்தன. தமிழ் இல்லை. அமெரிக்காவில் வீட்டில் தமிழ் பேசுவோர் இன்று ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் பிழைப்பவர்கள் என்பதால் எந்தப் போலீஸ் துறையின் கணக்கிலும் தமிழ் ஒரு தேவையாக மேலே வராது. 2002 வழிகாட்டியின் நான்கு கேள்வித் தராசில் முதல் இரண்டிலேயே நாம் எடை குறைந்திருந்தோம். ஆங்கிலம் வராதவர்கள் பார்வையாளர் விசாவில் வந்து சில மாதம் தங்கிப் போகும் அப்பா அம்மாக்கள். அவர்கள் அந்த நாட்டுக் கணக்கில் பெரும்பாலும் வருவதே இல்லை.

2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் 14224-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டு ஆங்கிலத்தை ஆட்சி மொழியாக அறிவித்தார். கிளின்டனின் 13166-ஆம் ஆணை அதோடு ரத்தானது. ஜூலையில் அரசின் தலைமை வழக்கறிஞர் பாம் பாண்டியின் சுற்றறிக்கை வந்தது. 2002 வழிகாட்டியும் போனது. அவசியமில்லாத பன்மொழிச் சேவைகளைக் குறைத்து, செயற்கை நுண்ணறிவையும் இயந்திர மொழிபெயர்ப்பையும் பொறுப்போடு பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிற தொனி. கான்சஸ் நீதிபதியின் தீர்ப்பை அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இயந்திரங்கள் 2017-ஐவிட எவ்வளவோ தேறிவிட்டன என்பது உண்மைதான். 'கை நீட்டிட்டார்' என்பதை அவை இன்று சரியாகப் பிடித்தாலும் பிடிக்கும். பிடித்ததா, நழுவவிட்டதா என்று தெருவில் நிற்கிற இருவரில் ஒருவருக்கும் தெரியாது.

ஆணை போனாலும் 1964 சட்டம் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். எந்தச் சேவையையும் நிறுத்தச் சொல்லி புதிய ஆணை கட்டாயப்படுத்தவும் இல்லை. மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் சொந்தச் சட்டங்கள் உண்டு: கலிஃபோர்னியாவில் 1973 முதல், தலைநகர் வாஷிங்டனில் 2004 முதல், ஹவாயில் 2006 முதல், நியூயார்க் நகரம் 2017-ல் பத்து மொழிகளைக் குறித்துச் சட்டம் போட்டது. மினசோட்டாவில் ஆங்கிலம் புரியாத ஒருவரைக் கைது செய்தால் விசாரணைக்கு முன் மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, உங்கள் அம்மா எந்த மாநிலத்தில் நடைக்குப் போகிறார் என்பதைப் பொறுத்தது.

நிலைமை இப்படி இருக்க, அமெரிக்கா வரும் பெற்றோரின் கையில் பிள்ளைகள் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது வழக்கம்: எனக்கு ஆங்கிலம் தெரியாது, என் மொழி தமிழ், என் மகனின் எண் இது. நல்ல யோசனை. மொழியின் பெயரை 'டமில்' என்று ஆங்கிலக் காதுக்குப் புரியும்படி சொல்லப் பழக்கிவிடுவதும் நல்லது. 911-ஐ அழைத்து ஆங்கிலம் தெரியாது என்றால், என்ன மொழி என்றுதான் கேட்பார்கள். ஆனால் சீட்டை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மேடிசன் போலீஸ் முதலில் வெளியிட்ட அறிக்கையில், அந்த குஜராத்துக்காரர் தன் பைகளுக்குள் கை விடத் தொடங்கினார் என்பதைத்தான் அவரைத் தடவிச் சோதிக்க முயன்றதற்கு முன்னால் எழுதியிருந்தார்கள். சீட்டைச் சட்டைப்பையில் போடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று அப்பா முறைத்தாலும் பரவாயில்லை, கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுங்கள்.